தள்ளாட்டத்தை அளந்த வரலாறு

நிற்பது மனிதனுக்கு எளிய செயல் என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். நீந்துவதற்கு ஆசான் வேண்டும். பந்தை உதைப்பதற்குப் பயிற்சி வேண்டும். நிற்பதற்கு எவரும் பாடம் கேட்பதில்லை. ஆயினும் உடலியல் அறிஞரின் கண்கொண்டு நோக்கினால், நிற்றல் என்பது ஓயாமல் சாய்வதும் ஓயாமல் நிமிர்வதுமே ஆகும். கண் தரும் காட்சி, உட்செவியின் வளைகுழல்கள் தரும் செய்தி, பாதத்திலும் கணுக்காலிலும் உள்ள உணர்நரம்புகள் தரும் செய்தி ஆகிய மூன்றையும் மூளை ஒருங்கே வாங்கி, எடைபோட்டு, நொடிதோறும் தசைகளுக்கு ஆணை பிறப்பிக்கின்றது. மூன்று வாயில்களில் ஒன்று பழுதுற்றாலும், ஆணையிடும் மூளையே அதிர்ச்சியுற்றாலும், நிற்கும் நிலையில் அது வெளிப்பட்டுவிடும்.

இதனாலேயே மருத்துவர்கள் நோயாளியை நிற்கச் சொல்லிப் பார்க்கின்றனர். விளையாட்டு மருத்துவமும் இம்முறையைத் தனதாக்கிக் கொண்டுள்ளது. கணுக்கால் சுளுக்கிய காற்பந்து வீரனை ஒற்றைக்காலில் நிறுத்திப் பார்க்கின்றனர். தலையில் அடிபட்டவனைக் கண்ணை மூடி நிற்கச் செய்து, தடுமாற்றங்களை எண்ணுகின்றனர். எண்ணிக்கை குறைவாக இருந்தால் திடலுக்குத் திரும்பலாம். மிகுந்தால் ஓய்வு கொள்ள வேண்டும். அந்த எண்ணிக்கையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்னும் வினா மட்டும் நெடுங்காலம் எழாமலே கிடந்தது. சோதனை பிறந்தது 19ஆம் நூற்றாண்டில். சோதனையையே சோதித்துப் பார்க்கும் முயற்சி வலுப்பெற்றதோ 20ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்.

இவ்வரலாற்றின் முதற்பெயர் மோரிட்ஸ் ரோம்பெர்க். 1795ஆம் ஆண்டு பிறந்த இவர் பெர்லின் நகரில் பணியாற்றிய செருமானிய மருத்துவர். நரம்பு நோய்களை முறைப்படுத்தி இவர் எழுதிய பெருநூல் 1840க்கும் 1846க்கும் இடையே பகுதி பகுதியாக வெளிவந்தது. அக்காலத்தில் பலரை வாட்டிய தண்டுவட நோய் ஒன்றை அந்நூலில் அவர் விளக்கினார். அந்நோயாளிகள் பகலில் ஒருவாறு நடமாடுவர், இருளில் தடுமாறுவர். தரை காலுக்குத் தட்டுப்படவில்லை என்பர். அவர்களை நிமிர்ந்து நிற்கச் செய்து கண்ணை மூடச் சொன்னால், உடனே உடல் ஆடத் தொடங்கும். பாதத்திலிருந்து மூளைக்குச் செய்தி செல்லும் வழி அழிந்துபோனதால், அவர்கள் கண்ணையே ஊன்றுகோலாகக் கொண்டு நின்றனர். கண்ணை மூடியதும் அக்கோலும் பறிபோயிற்று. அந்நோய் மேகநோயின் முதிர்ந்த நிலை என்பது பின்னாளில் தெளிவாயிற்று. இங்கிலாந்தில் மார்ஷல் ஹால் என்பவரும் 1836ஆம் ஆண்டளவில் இத்தகைய நோயாளியைப் பற்றிக் கூறியிருந்தார். எனினும் பெயர் ரோம்பெர்க்கிற்கே நிலைத்தது.

ரோம்பெர்க் கேட்ட வினா 'ஆடுகிறானா, இல்லையா' என்பதே. விடை ஆம் அல்லது இல்லை. தண்டுவடம் சிதைந்தவன் விழப் போகின்றான் என்பதைக் காண அளவுகோல் தேவையில்லை. அறையில் இருக்கும் எவர் கண்ணுக்கும் அது புலப்படும். ஒரு நோயின் அடையாளமாகப் பிறந்த இச்சோதனை, பின்னர் நலமுடைய இளைஞரிடையே நுண்ணிய வேறுபாட்டைத் தேடும் கருவியாயிற்று. தொல்லையெல்லாம் அங்கிருந்தே தொடங்கிற்று என்பது என் கருத்து.

அளக்கும் ஆசை விரைவில் எழுந்தது. செருமனியின் டியூபிங்கன் நகரில் கார்ல் வியரோர்ட் என்னும் உடலியல் அறிஞர், 1860களில், நிற்பவரின் தலைக்கவசத்தில் இறகு ஒன்றைப் பொருத்தி, அது கரிபடிந்த தாளில் கோடு கிழிக்குமாறு செய்தார். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் சைலஸ் வேர் மிட்செல், மோரிஸ் லூயிஸ் ஆகியோர் 1886ஆம் ஆண்டில் தலை முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் எவ்வளவு அசைகிறது என்பதை அளவுகோல் கொண்டு பார்த்தனர். கை ஹின்ஸ்டேல் என்பவர் அதனைத் தொடர்ந்து கரித்தாளில் பதிவு செய்தார். இவர்களது முயற்சியால் உண்மை ஒன்று வெளிப்பட்டது. நோயற்றவனும் ஆடுகின்றான்! மரம்போல் அசையாது நிற்பவர் எவருமில்லை. அவ்வாறாயின் நோயின் ஆட்டத்தையும் நலத்தின் ஆட்டத்தையும் பிரிக்கும் எல்லை எது? வியரோர்டின் இறகு எழுப்பிய இவ்வினாவிற்கு முழுமையான விடை இன்றும் கிட்டவில்லை.

விளையாட்டுலகம் இதனை உணரப் பல்லாண்டுகள் ஆயின. உட்செவியைப் பற்றிய ஆராய்ச்சிக்காக ராபர்ட் பாராணிக்கு 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவ்வறிவு திடலை எட்டவில்லை. 1928ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ செர்சி மாநில மருத்துவர் ஹாரிசன் மார்ட்லாண்ட், குத்துச்சண்டை வீரர் சிலரிடம் காணும் சீர்கேட்டைப் பற்றி ஒரு கட்டுரை வரைந்தார். நடக்கும்போது ஒரு கால் சற்றே தளர்ந்து விழுதல், உடல் சமநிலையில் ஐயப்பாடு ஆகியன அதன் முதற்குறிகள் என்றார். கண்டு களிக்க வந்த கூட்டம் அவ்வீரர்களுக்கு நகைப்பூட்டும் பட்டப்பெயர்களைச் சூட்டி மகிழ்ந்தது. தள்ளாட்டம் அரங்கில் ஆயிரம் பேர் பார்க்க நிகழ்ந்தது. அதனை அளந்து பார்க்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

தோன்றிய இடம் இலண்டன். அடிபட்ட உறுப்பு தலையன்று, கணுக்கால். 1965ஆம் ஆண்டில் மைக்கேல் பிரீமன் என்னும் எலும்பு அறுவை மருத்துவரும் அவருடைய துணைவர்களும், கணுக்கால் சுளுக்கிய பின்னும் பலர் 'கால் மடங்குகிறது' என்று முறையிடுவதன் காரணத்தை ஆராய்ந்தனர். எலும்பு சரியாக இருக்கின்றது, வீக்கம் வடிந்துவிட்டது, ஆயினும் கால் நம்பிக்கை தரவில்லை. மூட்டை இணைக்கும் நார் கிழியும்போது அதனுள் ஓடும் உணர்நரம்புகளும் அறுந்துபோகின்றன, அதனால் மூளைக்குச் செய்தி குறைகின்றது என்று பிரீமன் கருதினார். அதனை ஆராய அவர் கையாண்டது ரோம்பெர்க்கின் முறையே. இரு காலுக்கு மாற்றாக ஒற்றைக்கால். அடிபட்ட காலில் நிற்பதையும் அடிபடாத காலில் நிற்பதையும் ஒப்பிட்டார். ஆடும் பலகையின்மேல் நின்று பயிலும் முறையையும் அவர் பரிந்துரைத்தார். இன்று உடற்பயிற்சிக் கூடங்களில் காணும் ஆடுபலகைகளுக்கு அவரே முன்னோடி எனலாம். பிற்காலத்தில் செயற்கை முழங்கால் மூட்டுக்காக அவர் பெயர் பெரிதாயிற்று. ஆனால் விளையாட்டு மருத்துவம் அவருக்குப் பட்டுள்ள கடன் இந்த ஒற்றைக்கால் நிலைக்கே உரியது.

பிரீமனின் சோதனையில் நடுவர் யார்? மருத்துவரின் கண்ணும் நோயாளியின் சொல்லும். இரண்டும் ஒன்றுபட்டால் நன்று, வேறுபட்டால் வழியில்லை. ஆகவே கண்ணுக்குப் பதிலாகக் கருவியை நாடினர். பாதத்தின் அழுத்தம் எங்கெங்கு நகர்கிறது என்பதைப் பதிவு செய்யும் விசைமேடைகள் வந்தன. சுவீடன் நாட்டில் ஹான்ஸ் டிராப் என்பவரும் அவர் குழுவினரும் காற்பந்து வீரர்களை அம்மேடையில் ஒற்றைக்காலில் நிறுத்தி அளந்தனர். பருவத் தொடக்கத்தில் மிகுதியாக ஆடியவர்களே அப்பருவத்தில் கணுக்கால் காயத்திற்கு மிகுதியாக ஆளாயினர் என்று 1984ஆம் ஆண்டில் அறிவித்தனர். வருமுன் காக்க வழி பிறந்தது என்று பலர் மகிழ்ந்தனர். பின்வந்த ஆய்வுகளோ ஒரே குரலில் பேசவில்லை. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த, அமெரிக்க உயர்நிலைப் பள்ளிக் கூடைப்பந்து ஆட்டக்காரர் பற்றிய ஆய்வு டிராப்பின் முடிவை வலியுறுத்திற்று. கல்லூரி விளையாட்டாளரிடையே நடந்த வேறோர் ஆய்வு அவ்வாறு காணவில்லை.

அமெரிக்காவில் லூயிஸ் நாஷ்னர் விசைமேடையை மேலும் வளர்த்தார். விண்வெளி ஆய்வின் துணையோடு 1970ஆம் ஆண்டளவில் தம் ஆராய்ச்சியைத் தொடங்கிய அவர், நிற்பவரின் ஆட்டத்திற்கேற்ப மேடையும் சுற்றுச் சுவரும் தாமே சாயும் பொறியை உருவாக்கினார். காலும் கண்ணும் பொய் சொல்லும்படி செய்துவிட்டு, உட்செவி ஒன்றை மட்டும் நம்பி மனிதனால் நிற்க முடிகிறதா என்று பார்ப்பது அதன் உட்கருத்து. அரிய சிந்தனை! ஆனால் பொறியின் விலை பெரிது, அறை வேண்டும், மின்சாரம் வேண்டும். இக்குறையைக் கண்ட ஆன் ஷம்வே-குக், ஃபே ஹொராக் என்னும் இரு பெண் அறிஞர்கள் 1986ஆம் ஆண்டில் அதே கருத்தை எளிய பொருள்களால் நிறைவேற்றினர். மேடைக்குப் பதில் நுரைத்திண்டு. சாயும் சுவருக்குப் பதில் தலையில் கவிழ்த்த சப்பானியத் தாள்விளக்குக் கூடு. வறியவர் வீட்டுச் சமையலைப் போல, இருப்பதைக் கொண்டு ஆக்கிய இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தமானது.

அந்த நுரைத்திண்டே அடுத்த கட்டத்திற்கு வழிகாட்டிற்று. அமெரிக்கக் காற்பந்தில் தலையோடு தலை மோதுவது அன்றாட நிகழ்ச்சி. மோதியபின் மயங்காமல் எழுந்து நிற்கும் இளைஞனின் மூளை அதிர்ந்திருக்கின்றதா என்பதை அறிய இரத்தச் சோதனையோ ஒளிப்படமோ திடலோரத்தில் உதவாது. மூளை ஆறுமுன் இரண்டாம் முறை அடிபட்டால், அரிதாக மூளை வீங்கி உயிரே போகக்கூடும் என்பதை 1984ஆம் ஆண்டில் இரு மருத்துவர்கள் எழுதியிருந்தனர். ஆகவே திடலிலேயே, சில நிமிடங்களில், செலவின்றிச் செய்யத்தக்க சோதனை ஒன்று தேவைப்பட்டது. வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் பிரையன் ரீமன், கெவின் கஸ்கீவிச் ஆகியோர் அதனை வகுத்தனர். 1999ஆம் ஆண்டில் அது நூலேறியது. சமநிலைப் பிழைக் கணிப்பு முறை என்று அதனைத் தமிழில் கூறலாம். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துப் 'பெஸ்' என்பர்.

அதன் முறை இது. இருகால் சேர்த்து நிற்றல், ஒற்றைக்காலில் நிற்றல், ஒரு பாதத்தின் குதிகால் மறு பாதத்தின் விரலைத் தொட முன்பின்னாக நிற்றல் ஆகிய மூன்று நிலைகள். ஒவ்வொன்றும் முதலில் கெட்டித் தரையிலும் பின்னர் நுரைத்திண்டிலும். ஆக ஆறு, ஒவ்வொன்றுக்கும் 20 நொடி. கண்கள் மூடியிருக்க வேண்டும். கைகள் இடுப்பில் இருக்க வேண்டும். கை இடுப்பை விட்டு எழுதல், கண் திறத்தல், அடி பெயர்தல், தடுமாறுதல் அல்லது விழுதல், இடுப்பு 30 பாகைக்கு மேல் வளைதல், குதிகாலோ முன்பாதமோ தரையை விட்டு எழுதல், நிலைகுலைந்து 5 நொடிக்கு மேல் மீளாதிருத்தல் ஆகியன பிழைகள். ஒரு நிலைக்குப் 10 பிழைக்கு மேல் எண்ணுவதில்லை. ஆகவே மொத்தத்தின் உச்சம் 60. பருவத் தொடக்கத்தில் ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு முறை எண்ணி வைத்துக்கொண்டு, அடிபட்டபின் மீண்டும் எண்ணி ஒப்பிடுவார்கள்.

வகுத்தவர்கள் தம் முறையைத் தாமே சோதிக்கவும் செய்தனர். இதற்காக அவர்களைப் பாராட்ட வேண்டும். சோதிப்பவர் இருவர் ஒரே வீரனைக் கண்டு தரும் எண்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதற்கு அவர்கள் கண்ட ஒட்டுறவு எண், நிலைக்கு நிலை, 0.78 முதல் 0.96 வரை இருந்தது.

ஒட்டுறவு எண்ணைப் பற்றி இங்குச் சிறிது கூறுதல் தகும். நம் எழுத்தாளர் சங்கங்கள் நடத்தும் சிறுகதைப் போட்டிகளில் நடுவராக அமர்ந்தவர்கள் இதனை எளிதில் உணர்வர். ஒரு நடுவர் எல்லாக் கதைக்கும் தாராளமாக மதிப்பெண் வழங்குவார். மற்றவர் ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண் குறைத்தே வழங்குவார். எது முதற்கதை, எது கடைக்கதை என்பதில் இருவர்க்கும் வேறுபாடில்லை. வரிசை ஒன்றாகையால் சாதாரண ஒட்டுறவுக் கணக்கு இருவரும் முழுமையாக ஒத்துள்ளனர் என்றே சொல்லும். பரிசளிக்க அது போதும். ஆனால் '60க்கு மேல் பெற்றதே அச்சேறும்' என்று ஓர் எல்லை வகுத்தால், எந்த நடுவரிடம் கதை சென்றது என்பதே அதன் தலைவிதியாகிவிடும். இவ்வேறுபாட்டையும் கணக்கில் கொள்ளும் எண்ணுக்கு ரொனால்டு ஃபிஷர் 1920களில் அடித்தளம் இட்டார். பாட்ரிக் ஷ்ரௌட், ஜோசப் ஃபிளைஸ் இருவரும் 1979ஆம் ஆண்டில் அவ்வெண்ணுக்கு ஆறு வடிவங்கள் உண்டென்றும், எதனைப் பயன்படுத்தினோம் என்று சொல்லாவிடில் எண்ணுக்குப் பொருளில்லை என்றும் காட்டினர். 1986ஆம் ஆண்டில் மார்ட்டின் பிளாண்ட், டக்ளஸ் ஆல்ட்மன் ஆகிய இருவர், ஒட்டுறவு வேறு, உடன்பாடு வேறு என்று மருத்துவ உலகிற்கு உரைத்தனர். பிரீமன் தம் நோயாளிகளை ஒற்றைக்காலில் நிறுத்தியபோது இக்கருவிகள் மருத்துவர் கையில் இல்லை. 'பெஸ்' பிறந்தபோது இருந்தன.

இக்கருவிகளைக் கொண்டு வேறு கைகள் அளந்தபோது நிலைமை மாறிற்று. 2009ஆம் ஆண்டில் ஜொனதன் பின்னாஃப் என்பவரும் அவர் குழுவினரும், விளையாட்டாளர்கள் 'பெஸ்' சோதனை செய்யும் காட்சிப் பதிவுகளைப் பயிற்சி பெற்றவர்களிடம் கொடுத்து எண்ணச் சொன்னார்கள். ஒருவரே இரண்டு முறை எண்ணியபோது ஒட்டுறவு 0.74, வெவ்வேறு ஆட்கள் எண்ணியபோது 0.57 மட்டுமே. இதனை அவர்கள் பிழைக் கணக்காகவும் மாற்றிக் காட்டினர். ஒருவரே முன்னும் பின்னும் சோதித்தால், 7.3 பிழைக்கு மேல் மாறினால்தான் அது உண்மையான மாற்றம் என்று நம்பலாம். முன்பு ஒருவரும் பின்பு ஒருவரும் சோதித்தால் 9.4க்கு மேல் மாற வேண்டும்.

இந்த எண்ணை இன்னோர் எண்ணின் அருகில் வைத்துப் பார்த்தல் வேண்டும். 2003ஆம் ஆண்டில் மைக்கேல் மெக்ரே முதலானோர் அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்து வீரர் 1,631 பேரைத் தொடர்ந்து கண்காணித்த ஆய்வை வெளியிட்டனர். அவர்களுள் மூளை அதிர்ச்சியுற்ற 94 பேர், அடிபட்ட உடனே, அடிபடாதவர்களைவிடச் சராசரியாக ஏறத்தாழ 6 பிழைகள் மிகுதியாகச் செய்தனர். அத்தடுமாற்றமும் 3 முதல் 5 நாளுக்குள் மறைந்துவிட்டது. மூளை அதிர்ச்சி உண்டாக்கும் மாற்றம் 6; சோதிப்பவர் மாறினாலே நேரக்கூடிய வேறுபாடு 9! தராசின் நடுக்கம் நிறுக்கும் பொருளைவிடப் பெரிதாக உள்ளது.

இவ்விரண்டு எண்களுக்கும் முரண்பாடு இல்லையா என்று சிலர் கேட்கலாம். இல்லை. பலருடைய சராசரியை எடுக்கும்போது ஒருவர் கூட்டிச் சொன்னதும் இன்னொருவர் குறைத்துச் சொன்னதும் தம்முள் கழிந்துபோகும். குழுவின் உண்மை தெளிவாகத் தெரியும். ஆய்வாளருக்குக் குழு போதும். திடலோரத்தில் நிற்கும் மருத்துவர் முன்னிலையிலோ இருப்பவன் ஒருவன். அவனுக்குச் சராசரி இல்லை. மெக்ரே குழுவினரே 2005ஆம் ஆண்டில் இதனை வெளிப்படையாக எழுதினர். ஒவ்வொரு வீரனையும் தனித்தனியே கணித்தபோது, அடிபட்ட வேளையில் 'பெஸ்' சோதனை மட்டும் கண்டுபிடித்தது அதிர்ச்சியுற்றவர்களில் 34 விழுக்காட்டினரையே. மூவரில் இருவர் அச்சோதனையின் கண்ணுக்குத் தப்பினர்.

எண்ணுகிறவர் ஏன் வேறுபடுகின்றனர்? நுரைத்திண்டில் நிற்பவனின் குதிகால் எழுந்ததா, திண்டுதான் அமுங்கியதா என்பது ஒரு நொடியில் தீர்க்க முடியாத வழக்கு. இடுப்பு 28 பாகை வளைந்ததா, 32 பாகை வளைந்ததா என்று வெறுங்கண்ணால் சொல்ல வல்லவர் யார்? ஒரே கணத்தில் கண்ணும் திறந்து கையும் எழுந்தால் ஒரு பிழை என்றே எண்ண வேண்டும் என்பது விதி. அது ஒரே கணமா, அடுத்தடுத்த இரு கணங்களா என்பது எண்ணுபவரின் மனத்தைப் பொறுத்தது. கெட்டித் தரையில் இருகால் சேர்த்து நிற்கும் நிலையிலோ நலமுடையவர் ஏறக்குறைய எல்லாரும் பிழையின்றி நிற்கின்றனர். அந்நிலை எவரையும் எவரிடமிருந்தும் பிரித்துக் காட்டுவதில்லை. இதனைக் கண்ட ஆய்வாளர் சிலர் 2009ஆம் ஆண்டில் அந்நிலைகளை நீக்கிவிட்டு, எஞ்சியவற்றைப் பன்முறை செய்யச் சொல்லிச் சராசரி எடுத்தால் நம்பகம் உயர்வதைக் காட்டினர்.

இவை எண்ணுபவரின் குறைகள். நிற்பவனிடத்திலும் மாற்றம் உண்டு. தமாரா வலோவிச் முதலானோர் 2003ஆம் ஆண்டில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களைச் சில நாள் இடைவெளியில் மீண்டும் மீண்டும் சோதித்தபோது, அடிபடாத மாணவர்களே வரவரக் குறைந்த பிழை செய்தனர். சோதனையே பயிற்சியாகிவிட்டது! இதன் தீமை எளிதில் விளங்கும். அடிபட்டவனை முதல் நாளும் மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் நிறுத்திப் பார்க்கின்றனர், பிழை குறைகின்றது. மூளை ஆறியதால் குறைந்ததா, நின்று பழகியதால் குறைந்ததா? களைப்பும் எண்ணைக் கூட்டும். ஓடிக் களைத்தவனின் தடுமாற்றம் ஏறத்தாழ 20 நிமிடத்திற்குள் தணிந்துவிடுகிறது என்பதை 2004ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று காட்டிற்று. ஆகவே திடலிலிருந்து வந்தவுடனே எண்ணினால் களைப்பையும் சேர்த்தே எண்ணுகிறோம். அமைதியான அறையில் எண்ணியதும் ஆரவாரமிக்க திடலோரத்தில் எண்ணியதும் ஒன்றாகா என்பதைப் பேஸ்பால் வீரரிடையே நடந்த 2007ஆம் ஆண்டு ஆய்வு உணர்த்திற்று. போதாக்குறைக்கு, அடிபட்டால் வெளியேற்றப்படுவோம் என்று அஞ்சும் வீரன் பருவத் தொடக்கத்திலேயே வேண்டுமென்று தள்ளாடி வைப்பதும் உண்டு. நடிப்பவனை எந்த ஒட்டுறவு எண்ணும் பிடிப்பதில்லை.

அவ்வாறாயின் விலையுயர்ந்த பொறியையே நாடலாமே எனில், அங்கும் இதே கதைதான். நாஷ்னரின் பொறியில் நலமுடைய இளைஞர்களைத் திரும்பத் திரும்ப நிறுத்தியபோது அவர்களும் வரவரத் தேர்ச்சி பெற்றதை 2007ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு காட்டிற்று. கண்ணின் மயக்கத்தைப் பொறி தீர்க்கின்றது. காலின் பழக்கத்தைத் தீர்ப்பதில்லை.

கணுக்காலின் பக்கத்தில் வரலாறு சற்று மகிழ்ச்சியானது. தரையில் விண்மீன் வடிவில் எட்டுத் திசைக்குக் கோடு வரைந்து, நடுவில் ஒற்றைக்காலில் நின்று, மறுகாலால் ஒவ்வொரு கோட்டிலும் எட்டியவரை தொடும் சோதனை 1990களில் பரவியது. இதில் எண்ணுவது பிழையை அன்று, எட்டிய தொலைவை. தொலைவை அளக்க நாடா உண்டு. நாடாவிற்கு மனச்சாய்வு இல்லை. எனினும் 1998ஆம் ஆண்டில் வந்த முதல் நம்பக ஆய்வில் எண்கள் 0.67 முதல் 0.87 வரையே இருந்தன. காரணம் என்ன? ஆட்டக்காரர் ஒவ்வொரு முயற்சியிலும் கற்றுக்கொண்டே சென்றனர். 2000ஆம் ஆண்டில் ஜே ஹெர்டல் முதலானோர் முதலில் ஆறு முறை பழகவிட்டுப் பின்னர் அளக்குமாறு பரிந்துரைத்தனர். நெடுங்காலன் எளிதில் எட்டுவான் என்பதால், எட்டிய தொலைவைக் கால் நீளத்தால் வகுக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டில் காட்டினர். எட்டுத் திசை பின்னர் மூன்றாகச் சுருங்கிற்று. இவ்வாறு குறை கண்டு, குறை களைந்து, சோதனை தேறிற்று. 2006ஆம் ஆண்டில் ஃபிலிப் பிலிஸ்கி குழுவினர் உயர்நிலைப் பள்ளிக் கூடைப்பந்து ஆட்டக்காரர் 235 பேரை ஆராய்ந்து, முன்திசையில் இரு கால்களும் எட்டும் தொலைவில் 4 சென்டிமீட்டருக்கு மேல் வேறுபாடுடையோர் காயமுறும் வாய்ப்பு இரண்டரை மடங்கு என்றனர். அந்த 4 சென்டிமீட்டரை எல்லாக் குழுவினர்க்கும் சட்டமாக்க முயன்றவர்கள் பின்னர் ஏமாற்றமுற்றனர். பிற விளையாட்டுகளில் அவ்வெல்லை அதேபோல் நிலைக்கவில்லை. நம்பத்தகுந்த அளவு என்பதும் வருங்காலம் உரைக்கும் அளவு என்பதும் வெவ்வேறு. இவ்விரண்டையும் குழப்புவோர் இன்றும் மிகப் பலர்.

மீண்டும் தலைக்கு வருவோம். 2001ஆம் ஆண்டு முதல் பன்னாட்டு அறிஞர்கள் விளையாட்டு மூளை அதிர்ச்சி பற்றி வியன்னா, பிராகு, சூரிக்கு முதலிய நகரங்களில் கூடி, திடலோர மருத்துவர்க்குப் பொதுவான படிவம் ஒன்றை உருவாக்கினர். 'ஸ்கேட்' எனப்படும் அப்படிவத்தில், 2008ஆம் ஆண்டுச் சூரிக்கு மாநாட்டின் பயனாக, 'பெஸ்' இடம்பெற்றது; ஆனால் நுரைத்திண்டு நீக்கப்பட்டுவிட்டது. மூன்று நிலை, கெட்டித் தரை, உச்சம் 30 பிழை. எங்கும் திண்டைச் சுமந்து செல்ல இயலாது என்பது உண்மையே. எனினும் நலமுடையவரும் அதிர்ச்சியுற்றவரும் தெளிவாகப் பிரிந்தது திண்டின்மேல்தான் என்பதை வகுத்தவர்களே காட்டியிருந்தனர். எவரும் தவறாத இருகால் நிலையை வைத்துக்கொண்டு, பிரித்துக்காட்டும் திண்டை விட்டது வசதிக்காகச் செய்த சமரசம் என்றே நான் கருதுகிறேன். உலகெங்கும் ஊர்த் திடல்கள்வரை பரவியது இச்சுருங்கிய வடிவமே.

இச்சமரசத்தின் விலையை யார் கொடுக்கின்றனர் என்பதை ஒரு கணக்கு தெரிவிக்கும். கஸ்கீவிச் குழுவினர் 2,905 கல்லூரி வீரரைக் கண்காணித்து 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஒரே பருவத்தில் இரண்டாம் முறை மூளை அதிர்ச்சியுற்றவர் 12 பேர். அவர்களுள் 11 பேர்க்கு இரண்டாம் அடி விழுந்தது முதல் அடிக்குப் பின் 10 நாளுக்குள். சமநிலைச் சோதனையில் தடுமாற்றம் மறைய ஆகும் காலம் 3 முதல் 5 நாள் என்றோம். எஞ்சிய நாள்களில் எண் நன்றாக இருக்கும். மூளை நன்றாக இருக்கின்றது என்பதற்கு அது சான்றாகாது. 'பெஸ்' தேறியவன் ஆடலாம் என்று அச்சோதனையை வகுத்தவர்கள் ஒருபோதும் கூறவில்லை. வேறு குறிகளோடு சேர்த்தே பார்க்கச் சொன்னார்கள். ஆனால் ஆட்டம் முடியப் பத்து நிமிடமே இருக்கும்போது, ஆட்ட முடிவு இன்னும் தெரியாதபோது, பயிற்சியாளரின் பார்வை முதுகில் குத்தும்போது, எண்ணின் பின்னால் ஒதுங்கிக்கொள்வது மனித இயல்பு.

2022ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் மாநாட்டிற்குப் பின், 2023ஆம் ஆண்டில் ஆறாம் படிவம் வெளிவந்தது. அடிபட்ட முதல் 72 மணி நேரத்திற்குள் பயன்படுத்துவதே அதற்குச் சிறப்பு என்றும், ஒரு வாரம் கடந்தால் வேறு படிவத்தை நாட வேண்டும் என்றும் அதில் வரையறுத்துள்ளனர். ஐயம் இருந்தால் வீரனை அமர்த்திவிட வேண்டும் என்பதும், எண்ணைவிட மருத்துவரின் முடிவே மேலானது என்பதும் முன்போலவே நீடிக்கின்றன. நிற்கும் சோதனையோடு நடக்கும் சோதனையும் வலுப்பெற்றுள்ளது. 38 மில்லிமீட்டர் அகலமுள்ள நாடாவைத் தரையில் 3 மீட்டர் நீளத்திற்கு ஒட்டி, குதிகாலும் விரலும் தொட அடிமேல் அடிவைத்துச் சென்று திரும்பச் சொல்கின்றனர். ஆகும் நொடியைக் கடிகாரம் கொண்டு குறிக்கின்றனர். 2013ஆம் ஆண்டுப் படிவத்தில் இருந்து, அடுத்த படிவத்தில் கைவிடப்பட்ட நொடிக் கணக்கு இது, இப்போது மீண்டுள்ளது. அதே நடையின்போது மனக்கணக்கும் சொல்லச் செய்து பார்க்கும் பகுதி ஒன்றும் சேர்ந்துள்ளது. 1999ஆம் ஆண்டின் நுரைத்திண்டும் இப்படிவத்தில் இடம்பெற்றுள்ளது. கட்டாயமாக அன்று, விரும்பினால் பயன்படுத்தலாம் என்ற குறிப்புடன்.